தூக்க மாத்திரையை விட்ட பிறகும் ஏன் இத்தனை மாதங்கள்?

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் உடலை விட்டு வெளியேறிவிடுகின்றன. ஆனால் அவற்றை நிறுத்தியவர்களில் ஒரு பகுதியினர் பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டும் அதற்கு மேலும் ஆகிறது. காரணம் என்ன?

1961. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரம். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நோயாளிகளுக்கு வழக்கம்போல மாத்திரை தரப்படுகிறது. அவர்களும் வழக்கம்போல விழுங்குகிறார்கள். அவர்களில் 11 பேருக்கு மட்டும் கொடுக்கப்படுவது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அது அவர்களுக்குத் தெரியாது. அதுவரை மாதக்கணக்கில் நாளொன்றுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை குளோர்டயசெபாக்சைடு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பென்சோடயசெபைன் வகையின் முதல் மருந்தான அது ‘லிப்ரியம்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வெற்று மாத்திரைக்கு மாறிய உடனே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சில நாள் கழித்து ஒவ்வொருவராகக் குலையத் தொடங்கினார்கள். தூக்கம் போயிற்று, பசி போயிற்று, குமட்டல் வந்தது, பதற்றம் ஏறியது. 11 பேரில் 10 பேருக்கு முன்பு இல்லாத அறிகுறிகள் தெரிந்தன. ஏழாம் நாளும் எட்டாம் நாளுமாக இருவருக்கு வலிப்பே வந்துவிட்டது.

இந்த ஆய்வை நடத்திய லியோ ஹோலிஸ்டர் வெளியிட்ட முடிவு, மருந்து நிறுத்தப்பட்டதே தெரியாத ஒருவரின் உடலும் அதைக் கண்டுகொள்ளும் என்று காட்டியது. அந்த எதிர்வினை மருந்து நின்ற அன்றைக்கே வராது, தாமதித்து வரும் என்பதும் அதிலேயே இருந்தது. மருத்துவ உலகமோ அதிலிருந்து தனக்கு வசதியான மூன்றாவது பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டது. மிக அதிக அளவில் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று, சாதாரண அளவில் கொடுத்தால் கவலையில்லை என்று நினைத்தது. அந்த நினைப்பு தவறென்று நிரூபணமாக 20 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் 1963-ல் வந்த டயசெபாம், அதாவது ‘வேலியம்’, உலகிலேயே அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்றாகிவிட்டது. 1978-ல் மட்டும் 200 கோடிக்கும் அதிகமான வேலியம் மாத்திரைகள் விற்றன.

இன்று அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம் என்று பெயர்கள் மாறியிருக்கின்றன. நோயாளிகளின் கேள்வி மாறவில்லை. ‘மாத்திரையை விட்டு ஆறு மாதமாகிறது, இன்னும் ஏன் இப்படி இருக்கிறது?’ இதற்கு இரண்டு பதில்கள்தான் வழக்கமாகக் கிடைக்கின்றன. ஒன்று, உங்கள் பழைய நோய் திரும்பிவிட்டது. மற்றொன்று, எல்லாம் உங்கள் மனப்பிரமை. இந்த இரண்டும் பெரும்பாலும் தவறான பதில்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மீட்சி நீள்வதில் ஒரு பங்கு மூளையின் இயல்பால் வருவது. இன்னொரு பங்கு மருந்தை நிறுத்திய விதத்தால் வருவது. முன்னதை நம்மால் அதிகம் மாற்ற முடியாது. பின்னதை முழுக்க மாற்றலாம்.

மருந்து போனது, மாற்றம் போகவில்லை

மூளையில் நரம்பணுக்களின் துடிப்பைத் தணிக்கும் முக்கியமான வேதிப்பொருள் ‘காபா’. அது மூளையில் இருப்பது 1950-ல் கண்டறியப்பட்டது. நரம்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் காபா சென்று சேரும்போது ஒரு வாசல் திறக்கிறது, குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன, அணு அமைதியாகிறது. பென்சோடயசெபைன் அந்த வாசலைத் தானாகத் திறப்பதில்லை. அதே ஏற்பியின் வேறொரு மூலையில் ஒட்டிக்கொண்டு, காபா வரும்போதெல்லாம் வாசல் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. அதாவது, உடலிடம் ஏற்கெனவே இருக்கும் அமைதியைப் பெருக்கிக் காட்டுகிறது. அதனால்தான் முதல் மாத்திரையிலேயே பலன் தெரிகிறது. அரை மணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்கி, கண் சொக்கி, பல வாரங்களாக வராத தூக்கம் வந்துவிடும். அந்த நிம்மதி உண்மையானது. அவசரத்துக்கு இந்த மருந்துகள் உயிரையும் காக்கின்றன. நிற்காத வலிப்புக்கும், மதுவை நிறுத்தியவரின் கடும் நடுக்கத்துக்கும் இன்றும் முதலில் எடுப்பது இவற்றைத்தான்.

பல வாரங்கள் தொடரும்போதுதான் சிக்கல். வெளியிலிருந்து வரும் அமைதி நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டு, மூளை தன் அமைப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. ஏற்பியில் பென்சோடயசெபைன் ஒட்டும் இடத்துக்கும் காபா ஒட்டும் இடத்துக்கும் இடையிலான இணைப்பு தளர்கிறது. சில ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. புதிதாக உருவாகும் ஏற்பிகள் வேறு உறுப்புகளோடு உருவாகின்றன. மறுபுறம், மூளையைத் தூண்டிவிடும் குளூட்டமேட் அமைப்பு வலுவடைகிறது. இவற்றில் பெரும்பகுதி எலிகளிலும் சுண்டெலிகளிலும் கண்டது. மனித மூளையை இப்படித் திறந்து பார்க்க முடியாது. ஆனால் விலங்கு ஆய்வுகளின் கால ஒழுங்கு மனிதர்களிடம் காண்பதோடு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. 1993-ல் ஸ்டெப்புன், டுர்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வில் சுண்டெலிகளுக்கு 12 நாள் டயசெபாம் கொடுத்து நிறுத்தினார்கள். முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் தொடங்கிய அறிகுறிகள் 21-ம் நாள் வரை நீடித்தன. வெளியே ஒன்றும் தெரியாத அந்த முதல் மூன்று நாட்களில் குளூட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையைத் தடுத்தபோது, பின்னால் அறிகுறிகள் வரவே இல்லை. அமைதியாகத் தெரிந்த நாட்களிலேயே தூண்டும் அமைப்பு கட்டவிழத் தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருள்.

உச்சி வெயிலிலிருந்து இருண்ட தியேட்டருக்குள் நுழைபவருக்குச் சற்று நேரம் எதுவும் தெரிவதில்லை. வெயில் அவரோடு உள்ளே வரவில்லை, வெயிலுக்குப் பழகிய கண்தான் வந்திருக்கிறது. பென்சோடயசெபைனை விட்டவரின் நிலையும் இதுதான். கண் பழகச் சில நிமிடங்கள் போதும். மூளை பழகுவதற்கோ அணுக்கள் புதிய புரதங்களை உருவாக்கி, பழைய ஏற்பிகளை நீக்கி, புதியவற்றை மேற்பரப்பில் பொருத்த வேண்டியிருக்கிறது. அது எல்லா அணுக்களிலும் ஒரே வேகத்தில் நடப்பதுமில்லை. நல்ல நாள் நான்கு வந்து, காரணமே இல்லாமல் மோசமான வாரம் ஒன்று வந்து, மறுபடி நல்ல நாள் வருவதாக நோயாளிகள் சொல்வதை வைத்து, அவர்கள் நாடகமாடுகிறார்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உள்ளே நடக்கும் வேலை ஒரே சீராக இல்லாததால் மீட்சியும் அலை அலையாகவே வருகிறது.

இதற்கு மேல் கற்றல் என்ற அடுக்கு ஒன்றும் இருக்கிறது. பயந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, ‘இதில் ஆபத்தில்லை’ என்று மூளை கற்றுக்கொள்வதால்தான் பயம் தணிகிறது. பென்சோடயசெபைன்கள் புதிய நினைவுகள் பதிவதை மட்டுப்படுத்துபவை. பத்தாண்டு மாத்திரையின் துணையோடு பஸ் ஏறியவர், மேடையில் பேசியவர், மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தவர், மாத்திரையை விட்டபின் அவற்றையெல்லாம் ஏறக்குறைய முதல் முறைபோலச் சந்திக்கிறார். தூக்கத்திலும் அப்படியே. இந்த மாத்திரைகள் கண்ணை மூட வைத்தாலும், ஆழ்ந்த தூக்கத்தின் பகுதியையும் கனவுத் தூக்கத்தையும் குறைக்கின்றன. நிறுத்தியதும் அடக்கி வைத்த கனவுகள் கும்பலாக வரும். உறங்கியே மீளவேண்டிய ஒரு நிலையில் உறக்கமே முதலில் குலைவது இந்தத் துன்பத்தின் கொடுமையான பகுதி.

பெட்டிச் செய்தி: எந்த மாத்திரை எவ்வளவு நேரம்?
மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்:
அல்பிரசோலம்: 6–12 மணி நேரம்
லோரசெபாம்: 10–20 மணி நேரம்
குளோனசெபாம்: 18–50 மணி நேரம்
டயசெபாம்: 20–100 மணி நேரம் (உடலில் அது மாறி உண்டாகும் பொருளுக்கு 36–200 மணி நேரம்)
பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் கணக்குப்படி 10 மி.கி. டயசெபாமுக்குச் சமமானவை: அல்பிரசோலம் 0.5 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி., லோரசெபாம் 1 மி.கி. ‘பாயிண்ட் ஃபைவ்தானே’ என்று நினைக்கும் சின்ன மாத்திரை சின்ன டோஸ் இல்லை.

‘பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது’ என்ற பதில்

இதுதான் மருத்துவர்கள் அதிகம் சொல்லும் மறுப்பு. பதற்றத்துக்காக மாத்திரை எடுத்தார், மாத்திரையை நிறுத்தினார், பதற்றம் வந்துவிட்டது. இதில் புதிர் என்ன இருக்கிறது என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். சிலருக்கு அது உண்மையும்கூட. அடிப்படையில் இருந்த பதற்ற நோய் மருந்தின் மறைப்பு விலகியதும் தலைகாட்டுவது உண்டு, அதற்கு உளவியல் சிகிச்சையும் வேறு மருந்தும் தேவைப்படலாம். ஆனால் எல்லோரையும் இந்த ஒரே வரியில் அடக்கிவிட முடியாது என்பதற்கு வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன.

1981-ல் லண்டனில் பெட்டுர்சன், மால்கம் லேடர் இருவரும், வழக்கமான அளவில் நீண்டகாலம் பென்சோடயசெபைன் எடுத்துவந்த 16 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருந்து எப்போது வெற்று மாத்திரையாக மாறுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 16 பேருக்கும் ஏதோ ஒரு விதத்தில், மருந்தை விடுவதால் வரும் ‘விலகல் அறிகுறிகள்’ வந்தன. அளவு அதிகமானால்தான் சிக்கல் என்ற 20 ஆண்டு நம்பிக்கை அங்கே உடைந்தது. அதைவிட முக்கியம், அறிகுறிகளின் போக்கு. மருந்து குறையக் குறைய ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கின. பழைய நோய் திரும்பியிருந்தால் அது ஏறி அங்கேயே நின்றிருக்க வேண்டும், தானாக இறங்கியிருக்கக் கூடாது. இந்த ஆய்வு இன்னொரு ஆறுதலையும் தருகிறது. எல்லோருக்கும் மாதக்கணக்கில் நீள்வதில்லை, பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

நீள்பவர்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விடுவதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தியவர் ஹெதர் ஆஷ்டன். மனித உடலில் மருந்து செயல்படும் விதத்தை ஆராய்ந்த பேராசிரியர். 12 ஆண்டுகளில் சுமார் 300 நோயாளிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டவர். நீண்டகாலம் பயன்படுத்தியவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் நீடிக்கின்றன என்று அவர் மதிப்பிட்டார். அவரிடம் வந்தவர்கள் சொன்னவற்றில் பல, எந்தப் பதற்ற நோயின் இலக்கணத்திலும் அடங்காதவை. காதில் ஓயாத இரைச்சல். தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு. சட்டை உரசினாலே எரியும் தோல். தசைத் துடிப்பு. டியூப் லைட் வெளிச்சமும் பாத்திரம் விழும் ஓசையும் அடி விழுந்தாற்போல வலிப்பது. முதுகுப் பிடிப்புக்காக மட்டும் டயசெபாம் எழுதப்பட்டு, அதற்கு முன் மனநல மருத்துவரையே பார்த்திராதவர்களுக்கும் இவை வருகின்றன. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு பழைய நோயே இருந்ததில்லை.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 செப்டம்பரில் எல்லா பென்சோடயசெபைன்களுக்கும், மருந்துக் குறிப்பேட்டில் இடம்பெறும் கடுமையான எச்சரிக்கையான ‘கறுப்புப் பெட்டி’ எச்சரிக்கையை விரிவாக்கியது. அதைத் தொடர்ந்து மருந்துக் குறிப்பேட்டில் சேர்ந்த வாசகங்கள், விலகல் அறிகுறிகள் சிலருக்குச் சில வாரங்களிலிருந்து 12 மாதத்துக்கும் மேல் நீடிக்கலாம் என்கின்றன. காது இரைச்சல், ஊர்வது போன்ற உணர்வு, நினைவுக் குறைவு ஆகியவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. முதல் மருந்து சந்தைக்கு வந்து 60 ஆண்டுகள் கழித்து.

‘எல்லாம் மனப்பிரமை’ என்ற பதில்

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இன்று பலரும் இணையத்தில் பயங்கரமான அனுபவங்களைப் படித்துவிட்டே மாத்திரையைக் குறைக்கத் தொடங்குகிறார்கள். எதிர்பார்ப்பே அறிகுறியை உண்டாக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. நீண்டகால பாதிப்பு பற்றி 2023-ல் வெளியான பெரிய கருத்தாய்வில் 1,207 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் துன்பம் நீடித்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள். சிரமமில்லாமல் மாத்திரையை விட்டவர் இப்படிப்பட்ட படிவத்தை நிரப்ப வரமாட்டார். ஆகவே நூற்றில் இத்தனை பேருக்கு நீளும் என்று அந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது. இந்த விமர்சனத்தை முழுமையாக ஏற்கத்தான் வேண்டும். ஆஷ்டனின் 10–15 சதவீதமும் ஒரு சிறப்பு கிளினிக்கைத் தேடி வந்தவர்களிடம் கண்டதுதான்.

ஆனால் எத்தனை பேருக்கு என்பதில் இருக்கும் ஐயத்தை, இருக்கிறதா என்பதற்கு நீட்டுவது தர்க்கப் பிழை. பாலோ ஆல்டோவில் வலிப்பு வந்த இருவரும் எதையும் படித்திருக்கவில்லை. மாத்திரை மாறியதே அவர்களுக்குத் தெரியாது. இதைவிட நேரடியான சான்று 1992-ல் வந்தது. ஃப்ளூமாசெனில் என்ற மருந்து பென்சோடயசெபைனின் இடத்தில் அமர்ந்துகொண்டு அதன் வேலையைத் தடுப்பது. அளவு மீறி மாத்திரை விழுங்கியவரை எழுப்பப் பயன்படுவது. லேடரும் மார்ட்டனும், மருந்தை விட்டு ஒரு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆகியும் அறிகுறிகள் நீங்காத 11 பேருக்கு அதைச் சிறிய அளவில் ஊசி வழியே கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு மூளைக் கலக்கம், தசை இறுக்கம், ஊசி குத்தல் போன்றவை சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை குறைந்தன. ஏற்பியில் மட்டுமே வேலை செய்யும் ஒரு பொருள், மருந்து உடலை விட்டுப் போய் ஆண்டுகள் கழித்தும் நிவாரணம் தருகிறது என்றால், ஏற்பியில் ஏதோ ஒன்று இன்னும் சீராகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். 11 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. பலனும் நிலைக்கவில்லை. மாத்திரை இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஃப்ளூமாசெனில் கொடுத்தால் வலிப்பையே வரவழைக்கும், ஆகவே இதைச் சிகிச்சையாக எண்ணக் கூடாது. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் சுட்டுவிரலாக அந்த ஆய்வு நிற்கிறது. இதை அடியொற்றிப் பெரிய ஆய்வுகள் தொடர்ந்து வந்திருந்தால் இன்று பல குடும்பங்களின் கேள்விக்குத் தெளிவான பதில் இருந்திருக்கும்.

நிறுத்தும் முறையே நீட்டுகிறது

அல்பிரசோலம் எடுப்பவரின் ஒரு நாளைக் கவனித்தால் சிக்கல் புரியும். காலை எட்டு மணிக்கு 0.5 மி.கி. போடுகிறார். பத்து மணிக்கு நிதானமாக இருக்கிறார். மாலை நான்கு மணியளவில் காரணமில்லாமல் உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அலுவலகத்தில் யாரோ கதவைச் சாத்தினாலும் தூக்கிவாரிப் போடுகிறது. இரவு மாத்திரை போட்டதும் அடங்குகிறது. தன் நோய் மோசமாகிறது என்று அவர் நினைக்கிறார், மருத்துவரும் அப்படியே நினைத்து அளவைக் கூட்டுகிறார். உண்மையில் அது இரண்டு வேளைகளுக்கு நடுவே வரும் குட்டி விலகல். நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ இப்படி ஏறி இறங்கும் மூளை, மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே களைத்துப்போயிருக்கிறது.

பிறகு, விடவேண்டும் என்று முடிவு செய்கிறார். மெடிக்கல் ஷாப்பில் பொதுவாகக் கிடைக்கும் ஆகச் சிறிய மாத்திரை 0.25 மி.கி. அதை பிளேடால் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் மறு பாதி பொடியாகவும் போகும். ‘ஒரு வாரம் பாதி, அடுத்த வாரம் கால், அப்புறம் விட்டுடுங்க’ என்ற யோசனைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆஷ்டனின் கணக்கு வேறு. நாளொன்றுக்கு 40 மி.கி. டயசெபாம் அளவில் இருப்பவர் 20 வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 மி.கி. வீதமும், அதன்பின் 1 மி.கி. வீதமும் குறைத்தால், மொத்தம் 30 முதல் 60 வாரங்கள் ஆகும். வேகமாக வெளியேறும் அல்பிரசோலம், லோரசெபாம் எடுப்பவர்களை அவர் முதலில் மெல்ல மெல்ல டயசெபாமுக்கு மாற்றினார். அது உடலில் நீண்ட நேரம் தங்குவதால் நாள் முழுக்க அளவு சமமாக இருக்கும், 2 மி.கி. மாத்திரையும் கிடைக்கும், மிகச் சிறிய படிகளில் இறங்கலாம். 2025-ல் அமெரிக்க அடிமையாதல் மருத்துவச் சங்கம் வேறு பல அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5–10 சதவீதம் குறைப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்கிறது.

கடைசி மில்லிகிராம்தான் கடினம் என்று நோயாளிகள் சொன்னதற்கும் இப்போது விளக்கம் இருக்கிறது. மருந்தின் அளவும் ஏற்பிகள் நிரம்பும் விகிதமும் நேர்கோட்டில் செல்வதில்லை. அதிக அளவில் இருக்கும்போது 2 மி.கி. குறைத்தால் ஏற்பிகளில் சிறு மாற்றம்தான். குறைந்த அளவில் அதே 2 மி.கி. பெரிய பள்ளம். எனவே கடைசிக் கட்டத்தில் படிகள் இன்னும் சிறியதாக வேண்டும் என்கிறார்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும். இவர்கள் எழுதிய மாட்ஸ்லி மருந்துக் குறைப்பு வழிகாட்டி 2024-ல் வெளியானது.

இத்தனை மெதுவாக இறங்கினால் துன்பம்தானே நீளும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாக முடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வலிப்பு வரக்கூடிய ஒரு நிலையில் பல்லைக் கடிப்பது வீரமாகாது. வேகமாக நிறுத்தியவர், அறிகுறிகளைத் தாங்க முடியாமல் போனதும் மறுபடி மாத்திரையைத் தொடங்குகிறார், சில மாதம் கழித்து மறுபடி நிறுத்துகிறார். ஒவ்வொரு முறையும் நரம்பு மண்டலம் முன்பைவிட மோசமாகக் கொதிப்பதாக மதுவை நிறுத்துபவர்களிடம் கண்டிருக்கிறார்கள். பென்சோடயசெபைனிலும் அப்படியே என்று கருத இடமிருக்கிறது. நடுவே தூக்கத்துக்காக ஒரு பெக் மது அருந்தினால் அதுவும் அதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது. விலகல் அறிகுறியைப் புது மனநோய் என்று தவறாகக் கணித்து மேலும் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தால், எது எதனால் என்று யாராலும் பிரித்தறிய முடியாது. இப்படித்தான் ஓராண்டில் முடிந்திருக்க வேண்டியது நான்காண்டாகிறது. மறுபுறம், மிகையான பயத்தால் ஒரே அளவில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பதும் உதவாது. வேகத்தை நோயாளி தீர்மானிக்கட்டும், ஆனால் திசை மாறவேண்டாம் என்பதே ஆஷ்டன் வகுத்த வழி. அவரிடம் வந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள்.

பெட்டிச் செய்தி: உடனே மருத்துவமனைக்கு
மாத்திரையைக் குறைக்கும்போதோ நிறுத்திய பின்போ வலிப்பு, குழப்பமான பேச்சு, இல்லாததைப் பார்ப்பது அல்லது கேட்பது, அதிகக் காய்ச்சலோடு கடும் நடுக்கம், தற்கொலை எண்ணம் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்க வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை ஆண்டுகள், கடைசியாக எப்போது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

விலை கொடுப்பவர்கள்

நீண்ட மீட்சியின் விளைவுகள் மருந்துச் சீட்டில் தெரிவதில்லை. கவனம் நிலைக்காததால் வேலை போகிறது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நார்மல் என்று வருவதால் விடுப்புக்கான சான்றிதழ் கிடைப்பதில்லை. வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒருவர் மாதக்கணக்கில் படுத்திருப்பதை வீடு முதலில் பரிவோடும், பிறகு எரிச்சலோடும் பார்க்கிறது. இந்தத் துன்பம் அரசுகளின் கவனத்துக்கு வராமலும் இல்லை. அமெரிக்காவில் 1979-ல் செனட்டர் எட்வர்டு கென்னடி தலைமையில் இந்த மாத்திரைகள் குறித்து விசாரணை நடந்தது. பிரிட்டனில் 1988-ல் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் எழுதாதீர்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அங்கே சுமார் 14,000 நோயாளிகள் மருந்து நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு, அரசின் சட்ட உதவிப் பணம் நின்றதும் தொண்ணூறுகளில் தீர்ப்புக்கே வராமல் சரிந்தது. அவர்களுக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை, என்ன நடந்தது என்று நீதிமன்றத்தின் வாயிலாகக் கேட்கும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. இது ஒரு பெரிய அநீதி.

இப்போது ஆபத்து எதிர்த்திசையிலிருந்தும் வருகிறது. எச்சரிக்கைகள் வந்த பிறகு, ‘இனி எழுத மாட்டேன்’ என்று ஒரேயடியாகக் கைவிடும் மருத்துவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் அங்கே வெளியான ஓர் ஆய்வு, நீண்டகாலம் சீராக எடுத்துவந்த மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஓபியாய்டு வகை வலி மருந்துகள் எடுக்காதவர்களிலும், மாத்திரை நிறுத்தப்பட்டவர்கள் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு தொடர்ந்தவர்களைவிட சுமார் 1.6 மடங்கு. பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் நிறுத்தியதே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மாத்திரையை நிறுத்துவது எப்போதும் பாதுகாப்பான பக்கம் என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. பல ஆண்டுகளாக எடுத்துவரும் முதியவர் ஒருவருக்கு, அளவைக் குறைத்து ஓரிடத்தில் நிறுத்துவதே சரியான முடிவாக இருக்கலாம்.

இந்தியாவில் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம் போன்றவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர், எழுதியவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது, நிறுத்தும் முறையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம்மிடம் இன்னொரு தனிச் சிக்கலும் இருக்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராமோடு குளோனசெபாம் சேர்ந்த ஒரே மாத்திரை, படபடப்புக்கான ப்ரொப்ரனலாலோடு குளோனசெபாமோ அல்பிரசோலமோ சேர்ந்த மாத்திரை, வயிற்றுப் பிடிப்புக்கான கிளிடினியத்தோடு குளோர்டயசெபாக்சைடு சேர்ந்த மாத்திரை எல்லாம் இங்கே சர்வசாதாரணம். வயிற்றுக்காக விழுங்குகிறோம் என்று நினைப்பவருக்குத் தான் பென்சோடயசெபைன் எடுப்பதே தெரியாது. வயிறு சரியானதும் நிறுத்திவிடுவார். பத்து நாள் கழித்துத் தூக்கம் போய், கை நடுங்கி, இதய மருத்துவரிடம் ஓடுவார். இரண்டு மருந்து ஒரே மாத்திரையில் இருப்பதால் ஒன்றை மட்டும் மெதுவாகக் குறைக்கவும் வழியில்லை. முதலில் தனித்தனி மாத்திரையாகப் பிரித்து எழுதினால்தான் குறைக்கவே தொடங்க முடியும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாத்திரையை எழுதும் அன்றே அது முடியும் தேதியையும் சீட்டில் எழுதுங்கள். நான்கு வாரம் தாண்டிவிட்டவருக்குக் குறைக்கும் அட்டவணையை எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்தும் காதில் இரைச்சல் என்று வருபவரிடம், அவர் முன்பு எடுத்த மாத்திரைகளின் பெயரை முதலில் கேளுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், லோரசெபாம், குளோர்டயசெபாக்சைடு, நைட்ரசெபாம், குளோபசாம் என்று ஏதேனும் இருந்தால், இதைப் படித்த வேகத்தில் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு நோய்க்காகக் குளோபசாமோ குளோனசெபாமோ எடுப்பவர்கள் தாமாக அளவைத் தொடவே கூடாது. மற்றவர்கள் அந்த அட்டையோடு மருத்துவரிடம் போய், ‘இதை எத்தனை மாதத்தில், எந்த அளவில் குறைக்கலாம்?’ என்று கேளுங்கள்.